மனிதநேய நரித் தவிர்ப்பு, முதலாம் கட்டம்

“ஐயா, நரியெல்லாம் குதிரையாகி, பிறகு இரவிலை திரும்ப நரியாகி, லாயத்திலை நிண்ட உண்மையான குதிரையளைக் கடிச்சது எண்டு சொன்னீங்கள். அந்தக் குதிரையளுக்கு ஆர் பதில் சொன்னது?”

எங்கள் அறநெறிப் பாடசாலையின் ஞாயிறு வகுப்பில் எட்டு வயதுக் கஜேந்தினி எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். பாண்டிய மன்னனுக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடலை நான் குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்திருந்த நேரம். இருபது பிள்ளைகளில் ஒன்றாவது இறைவனின் கருணையைப் பற்றிக் கேட்கும் என்று காத்திருந்தேன். இவள் குதிரைகளின் கட்சியில் நின்றாள்.

“அது கடவுளின்ரை விளையாட்டு, பிள்ளை. அதுக்குள்ளை நாங்கள் வழக்குப் பேசக்கூடாது” என்று சொல்லி ஒரு விசுக்கோத்தைக் கொடுத்து இருத்தினேன். அவள் விசுக்கோத்தை விழுங்கினாள். கேள்வியை விழுங்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சில்லைக் கண்டுபிடித்தது. இறுதியாகக் கூட்டத்தைக் கண்டுபிடித்தது. இவை மூன்றிலும் கடைசியே தலைசிறந்தது என்பதற்குப் பன்னிரண்டாம் வாய்க்கால் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வரலாறே சான்று. ஒரு நரியின் உடம்பிலிருந்து ஒரு மயிரும் உதிராமல், அதன் காதில் ஒரு கடுஞ்சொல்லும் விழாமல், நரிப் பிரச்சினையை மூன்றே பயிலரங்குகளில் தீர்த்த ஊர் உலகத்தில் வேறு இருக்க முடியாது. அந்தச் சங்கத்தின் செயலாளராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. பெயர் நல்லதம்பி. முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தேன். அவ்வளவு காலத்தில் ஒரு கடிதமும் என் கையில் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்கு அப்பால், வாய்க்கால் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எங்கள் தகப்பன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். ஆகவே நாங்கள் ‘குடியேற்றவாசிகள்’. கஜேந்தினியின் தாய் அமராவதி. அவரது தகப்பன் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, அதே காட்டின் மிச்சத்தை வெட்டிக் குடியேறினார். ஆகவே அமராவதி ‘அத்துமீறிக் குடியேறியவர்’. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கடதாசி. எங்களுடைய கடதாசி அலுமாரிக்குள் இருக்கிறது. அவருடைய கடதாசி நாற்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது.

அமராவதியின் வீடு பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால், ஒரு வேலிக்கு அப்பால் இருக்கிறது. கணவர் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. வீட்டில் அமராவதியும் மகள் கஜேந்தினியும் பதினான்கு கோழிகளும். முட்டையும் குஞ்சும் விற்றுத்தான் அரிசியும், பிள்ளையின் சப்பாத்தும். நான்கு கால் நட்டு, கால்களுக்குத் தகரம் சுற்றி, அவரே கட்டிய கூடு. கூட்டுக்குள் அடைத்த கோழியை எந்த நரியும் தொட்டதில்லை. ஆனால் அந்த வருட ஆவணியில் நரி ஒரு புதுப் பழக்கம் பழகியது. பொழுது படுமுன், கோழிகள் இன்னும் முற்றத்தில் கிளறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வந்தது.

ஆவணி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த மாதந்தான் மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். கூரை போட்ட நாளிலிருந்து கிழமைக்கு ஒரு பயிலரங்கு. முரண்பாட்டுத் தீர்வு, காலநிலை மாற்றம், கைகழுவும் முறை எல்லாம் கற்றோம். ஒவ்வொரு பயிலரங்கும் மத்தியானம் கோழிப் பார்சலுடன் உச்சம் பெறும். நான் மரக்கறிக்காரன், இறைச்சி தொடமாட்டேன். ஆனாலும் மற்றவர்கள் எறியும் சோற்றையும் எலும்பையும் பார்த்துக்கொண்டிருக்க என் மனம் இடந்தராது. பசித்த சீவனுக்கு ஒரு பிடி வைப்பதைவிடப் பெரிய பூசை இல்லை என்று நம்புகிறவன் நான். மண்டபத்தின் பின்னால் பாலை மரத்தடியில் ஒரு வைரவர் சூலம் நிற்கிறது. வைரவரின் வாகனம் நாய். எனவே மிச்சம் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, பின்னேரம் நாலரை மணிக்குச் சூலத்தின் முன் வைத்துவிட்டு, நாய்களுக்கென்று நினைத்துக் கும்பிட்டுப் போவேன். இலைக்குப் பதிலாகப் பயிலரங்கில் மிஞ்சிய துண்டுப்பிரசுரங்களை விரிப்பேன். அவையும் வீண்போகக் கூடாதல்லவா. விடிய வந்து பார்த்தால் ஒரு பருக்கை இருக்காது. தாளும் இருக்காது. வைரவரின் வாகனங்கள் தாளைக்கூடப் பிரசாதமாக எடுத்துச் செல்வதை எண்ணி நெகிழ்ந்தேன்.

முதல் கோழி போன மறுநாள் அமராவதி ஒரு பையில் இறகுகளோடு சங்கக் கூட்டத்துக்கு வந்து வாசலில் நின்றார்.

“இறைச்சித் துண்டுக்குள்ளை வெடி வைச்சால் ஒரு கிழமையிலை அலுவல் முடிஞ்சுது” என்றார் தலைவர் கனகலிங்கம். அவர் இரண்டு உழவு இயந்திரங்களின் சொந்தக்காரர். எந்தப் பிரச்சினையையும் உழுது தீர்க்கலாம் என்று நம்புபவர்.

“வெடி இந்த நிலத்துக்குக் காணும், அண்ணை” என்றார் குகதாசன். நிர்வாக சபையில் இருந்தாலும் எப்போதும் கடைசி வாங்கில்தான் இருப்பார். “கண்ணிவெடி கிண்டி எடுத்த ஆக்கள் இப்பதான் சாமானைக் கட்டிக்கொண்டு போனவை. நீங்கள் ஒண்டு வைச்சீங்கள் எண்டால் திரும்ப முதலாம் வாய்க்காலிலையிருந்து தொடங்குவினம்.”

நான் எழுந்து சீவகாருண்யம் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். “நரியும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான்” என்று முடித்தேன்.

“ஓம். கோழிதான் தாயில்லாமல் முட்டையிலையிருந்து வந்தது” என்றார் குகதாசன்.

அமராவதி வாசலில் நின்றபடியே சொன்னார்: “நரியைக் கொல்ல வேணாங்க. அதுக்கும் குட்டி இருக்கு. முந்தியெல்லாம் அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கும். இப்ப ஏன் தாண்டுதுன்னு பார்த்தாப் போதுங்க.”

“அதைத்தான் அம்மா ஆராயப் போறம்” என்றார் தலைவர். அவரிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். ஆனால் விடை கிடைத்த பிரச்சினைக்கு எந்த நிறுவனமும் உதவி செய்வதில்லை. எனவே கிளிநொச்சி நகரத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதாக ஏகமனதாகத் தீர்மானித்தோம். நானே எழுதினேன். நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். கடிதம் தவறவில்லை.

மூன்றாம் கிழமை அந்த நிறுவனத்தின் செயற்றிட்ட இணைப்பாளர் சுஜிதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இளம் வயது, அடக்கமான பேச்சு, மடிக்கணினி. ‘மனிதநேய நரித் தவிர்ப்புச் செயற்றிட்டம், முதலாம் கட்டம்’ என்று திரையில் விழுந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

“நாங்கள் நரியைப் ‘பிரச்சினை’ எண்டு சொல்லுறேல்லை, ஐயா. நரி ஒரு ‘பங்குதாரர்’.”

“அப்ப கோழி?” என்றார் குகதாசன்.

“கோழி ஒரு ‘வளம்’.”

“ஆற்றை வளம், தம்பி?”

சுஜிதன் சற்று யோசித்தார். “பங்குதாரரின்ரை” என்றார்.

அடுத்துப் பயனாளிகள் தெரிவு. இந்த மண்ணில் ‘பயனாளி’ என்ற சொல்லுக்கு இருக்கும் மகிமையை வெளியூரார் அறியமாட்டார்கள். வீடு, கிணறு, மலசலகூடம், தையல் இயந்திரம் எல்லாம் அந்தச் சொல்லின் வழியேதான் எங்களிடம் வந்தன. படிவத்தின் முதல் கட்டத்தில் காணி அனுமதிப்பத்திர இலக்கம் கேட்டிருந்தது. அமராவதியிடம் இலக்கம் இல்லை.

“அவாவின்ரை கோழியைத்தானே நரி பிடிச்சது” என்றார் குகதாசன்.

“அது உண்மைதான் ஐயா. ஆனால் படிவத்திலை கோழி எண்டு ஒரு கட்டம் இல்லை.”

“என்னட்டைக் கோழியே இல்லைத் தம்பி” என்றார் தலைவர் கூச்சத்தோடு.

“பரவாயில்லை ஐயா. காணி இருக்குத்தானே.”

இவ்வாறு கோழி இல்லாத பன்னிரண்டு பேர் பயனாளிகள் ஆனார்கள். அமராவதிக்கும் அநீதி செய்யப்படவில்லை. அவருக்கு ‘அவதானிப்பாளர்’ என்ற தகுதி வழங்கப்பட்டது. பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் கிடைத்தது.

பயிலரங்கை வெள்ளிக்கிழமைகளில் வைப்போம் என்று நான் பிரேரித்தேன். மங்களமான நாள்.

“வெள்ளி மரக்கறி, செயலாளர்” என்றார் தலைவர். “சனம் வராது.”

ஆகவே புதன்கிழமை என்று முடிவாயிற்று. கோழிகளைக் காப்பதற்கான முதலாவது பயிலரங்குக்கு ஐம்பது கோழிப் பார்சல்கள் வந்து இறங்கின.

பதாகையைப் பற்றியும் சொல்லவேண்டும். வவுனியாவில் ஒரு அச்சகத்துக்குத் தொலைபேசியில் வாசகத்தைச் சொன்னேன். இரைச்சலுக்குள் ‘நரி’ என்ற சொல்லை ஆறேழு தடவை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனிதருக்கு அது காதில் ஏறிவிட்டது போலும். பதாகையை விரித்தபோது அடியில் இப்படி இருந்தது: ‘அனுசரணை: பன்னிரண்டாம் வாய்க்கால் அறநரிப் பாடசாலை.’

“அச்சாப் பள்ளிக்கூடம்” என்றார் குகதாசன். “பெரியாக்களையும் சேர்ப்பியளோ, வாத்தியார்?”

நான் சிரிக்கவில்லை. அன்றே ஒரு வெள்ளைத் தாளில் ‘நெறி’ என்று அழகாக எழுதி, ‘நரி’யின் மேல் பசை பூசி ஒட்டினேன். எழுத்துப்பிழை ஒரு சமூகத்தின் ஒழுக்கத்தையே கெடுத்துவிடும்.

பயிலரங்கு மிகச் சிறப்பாக நடந்தது. ‘நரிகளை நோகாமல் தவிர்க்கும் பத்து வழிகள்’ என்ற துண்டுப்பிரசுரம் நூறு அச்சடிக்கப்பட்டது. வந்தவர் ஐம்பது பேர். மிஞ்சிய ஐம்பது தாள்களை நான் பத்திரப்படுத்தினேன். நாலரை மணிக்கு வைரவருக்கு விரிக்க உதவின. நல்ல தடித்த தாள், குழம்பு ஊறாது.

அன்று ஐந்தரை மணிக்கு அமராவதியின் இரண்டு பேடுகள் போயின.

இரண்டாம் பயிலரங்கில் உபகரணங்கள் வந்தன. மினுங்கும் சூரிய விளக்குகள் பன்னிரண்டு, பயனாளிகளின் வாசற் படலைகளில் பொருத்தப்பட்டன. தலைவர் வீட்டுப் படலை கலியாண வீடுபோல் இருந்தது. மனிதக் குரல் கேட்டால் நரி அணுகாது என்பதால் மண்டபத்துச் சுவரில் ஒரு வானொலி மாட்டி, நாள் முழுக்கச் செய்தியும் அரசியல் உரைகளும் போட்டோம். நரி ஓடியதாகத் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. மூன்றாவதாக, வாய்க்கால் கரையில் ஒரு அறிவித்தல் பலகை: ‘இங்கு நரிகள் பிரவேசிப்பது தவிர்க்கப்பட வேண்டும்.’ மூன்று மொழிகளில். எந்த நரியும் தன் தாய்மொழியில் அறிவிக்கப்படவில்லை என்று நாளை முறையிட முடியாது.

கலந்துரையாடல் நேரம் அமராவதி கையை உயர்த்தினார். “ஐயா, ஒன்னு சொல்லட்டுங்களா. புதன்கிழமைதான் நரி வருது. கூட்டம் நடக்கிற அன்னிக்குத்தான்.”

சுஜிதனின் முகம் மலர்ந்தது. “இது சரியான முக்கியமான தரவு, அம்மா. எங்கடை செயற்றிட்டத்தை நரியள் உணரத் தொடங்கியிருக்குது. இதைச் ‘சமூகப் பங்கேற்பு’ எண்டு அறிக்கையிலை போடலாம்.”

“இல்லீங்க. சாப்பாட்டு வாசத்துக்குத்தான் வருது. அந்த எலும்பு…” அமராவதி என்னைப் பார்த்தார். பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அவதானிப்பாளர் அவதானிக்கலாம், அம்மா” என்றார் தலைவர். “கதைக்கிறதுக்கு வேறை தகுதி வேணும்.”

நான் அதை அப்படியே கூட்டறிக்கையில் பதிந்தேன். ‘அவதானிப்பாளர் ஒருவர் வாசம் பற்றிக் குறிப்பிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாமையால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.’ என் எழுத்து மணிமணியாக இருந்தது.

மூன்றாம் பயிலரங்கு மதிப்பீடு. அதற்குள் அமராவதியின் பதினான்கில் ஒன்பது போய்விட்டன. நரிகளிடம் போனவற்றைச் சொல்கிறேன். பயிலரங்குகளில் நாங்கள் உண்ட கோழிகள் இந்தக் கணக்கில் சேரா. அவை பண்ணைக் கோழிகள், அவற்றுக்குப் பற்றுச்சீட்டு உண்டு.

செயற்றிட்டம் ஏன் இலக்கை அடையவில்லை என்று ஆராயப்பட்டது. தலைவர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்.

“நரி எதுக்கு வருது? கோழிக்கு. கோழி எங்கை நிக்குது? அத்துமீறின காணியிலை. அப்ப பிழை எங்கை?”

முன்வரிசை தலையாட்டியது. பதில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

“நரியை இடத்தை விட்டு எழுப்பினால் அது மனிதநேயமில்லை” என்றார் சுஜிதன், கவலையோடு. “கோழியை எழுப்புறதைப் பற்றி எங்கடை வழிகாட்டியிலை ஒண்டுமில்லை.”

‘நரி ஈர்ப்பு மையமாக இனங்காணப்பட்ட கூடு பதினான்கு நாட்களுக்குள் அகற்றப்படவும், அதில் வசிக்கும் கோழிகள் மனிதநேயத்துடன் இடம்பெயர்க்கப்படவும் வேண்டும்’ என்று தீர்மானம் நிறைவேறியது. குகதாசன் மட்டும் கை உயர்த்தவில்லை. “கை கழுவ வேணும்” என்று எழுந்து போனார். கடிதத்தை எழுதி நேரில் சேர்ப்பிக்கும் பொறுப்பு எனக்கு. அன்று மிச்சச் சோற்றை வைரவருக்கு வைத்துவிட்டு, கடிதத்தோடு வேலியைச் சுற்றிப் போனேன்.

அமராவதி முற்றத்தில் நின்ற மூன்று கோழிகளையும் கூட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது.

“வாங்கய்யா. இன்னிக்குப் புதன்கிழமைல்ல. அதான் நேரத்தோட அடைக்கிறேன்.”

கதிரை போட்டார். பால் விடாத சாயத்தண்ணி தந்தார். நான் விசயத்தை இயன்றவரை மென்மையாகச் சொன்னேன். ‘இடம்பெயர்த்தல்’ என்ற சொல்லை ‘இடமாற்றம்’ என்று மாற்றிச் சொன்னேன். சிறு கருணைகளில் நம்பிக்கை உள்ளவன் நான்.

அமராவதி கூட்டின் கதவில் கையை வைத்தபடி நின்றார்.

“இதுல ரெண்டு அடையில இருக்குங்க. இப்பத் தூக்கினா முட்டை கூழாயிடும். கூடு இல்லைன்னா மிச்சம் மூனையும் நாளைக்கே நரி கொண்டு போயிடும். அப்புறம் நான் கொழும்புக்கு வீட்டு வேலைக்குத்தான் போகணும். இவளை யாருகிட்ட விடுறது?” கதவைச் சாத்தினார். “எங்களை அஞ்சு தடவை எழுப்புனாங்கய்யா. எழும்புன்னா எழும்பத் தெரியும். அடையில இருக்கிற கோழிக்கு எப்படிங்க சொல்றது?”

அறநெறிப் பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்த நான் சட்டைப் பையைத் தடவினேன். அங்கே விசுக்கோத்து இருக்கவில்லை.

அப்போது கஜேந்தினி உள்ளேயிருந்து ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். மஞ்சள் குழம்புக் கறை. மூலைகளில் பல் பதிந்த ஓட்டை. அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தாள்.

“ஐயா, இதுகள் எங்கடை வளவுக்குள்ளை கிடந்தது. நரியள் கவ்விக்கொண்டு வந்து நக்கிப்போட்டு விட்டிட்டுப் போறதுகள். பாடமாக்கிப் போட்டன். சொல்லட்டே?”

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தேவாரம் சொல்ல நான் பழக்கிய நிலை அது.

“நரிகளை நோகாமல் தவிர்க்கும் பத்து வழிகள். முதலாம் வழி. சோறு, இறைச்சி, எலும்பு முதலிய உணவுக் கழிவுகளை ஒருபோதும் வெளியே வைக்காதீர்கள். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் மற்ற ஒன்பதும் பெரும்பாலும் தேவைப்படாது.”

பிறகு கையை அவிழ்த்து, தன் குரலில் சொன்னாள்: “நரியளுக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. அதுதான் திரும்பத் திரும்ப வருதுகள்.”

அந்தத் தாளை நூறு பேருக்குக் கணக்காக அச்சடித்தோம். ஐம்பது பேருக்குக் கொடுத்தோம். மூன்று கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசினோம். நான் அதை விரித்தேன், மடித்தேன், அதன் மேல் எலும்பு வைத்தேன். வாசித்தது ஒரு பிள்ளை.

“உங்களுக்குத் தெரியுமோ, பிள்ளை?” என்று அமராவதியைக் கேட்டேன். “நான் வைக்கிறது?”

“தெரியுங்க. ஐயா சாமிக்குன்னு வைக்கிறீங்க. சாமிக்கு வைக்கிறதை வேணாம்னு எப்படிச் சொல்றது? அதான் வாசம்னு மட்டும் சொன்னேன்.”

சாயத்தண்ணி ஆறிவிட்டது. அதைக் குடித்து முடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் போய், சூலத்தின் முன்னால் நான் அரை மணிநேரத்துக்கு முன் வைத்ததை எல்லாம் திரும்ப அள்ளினேன். இரண்டு கையாலும் அள்ளவேண்டியிருந்தது. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார்: “கடிதம் குடுத்தாச்சோ, செயலாளர்?”

“தவறிட்டுது.”

“உங்கடை கையாலையோ?”

“ஓம். வயசு போட்டுது.”

“அப்ப திரும்ப எழுதுங்கோவன்.”

“எழுதுறன்.”

எழுதிக்கொண்டிருக்கிறேன். அமராவதியின் காணிக் கடதாசி எந்த வேகத்தில் வருகிறதோ, அந்த வேகத்தில்.

கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேனா என்று நீங்கள் கேட்கக்கூடும். அது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

மண்டபத்தின் பின்னால், பாலை மரத்திலிருந்து தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டினேன். மேலே ஒரு தகரமும் கல்லும். எலும்பு இப்போது அதற்குள் போகிறது. வைரவருக்கு ஒரு செவ்வரத்தம்பூ வைக்கிறேன். அவர் குறை சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு புதன்கிழமைகள் நரிகள் வந்து மரத்தடியை மணந்துபார்த்துப் போயின. மூன்றாம் புதன் அதுவும் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால், காட்டுக்குள்ளிருந்து ஊளை மட்டும் கேட்டது. அவற்றின் ஊர் அது.

செயற்றிட்டம் மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. மும்மொழிப் பலகையே காரணம் என்று மதிப்பீட்டில் கண்டறிந்தார்கள். பலகையோடு தலைவர் நின்ற படம் அறிக்கையின் அட்டையில் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இம்முறை எழுபத்தைந்து பார்சல். இறுதி அறிக்கையில் ‘நேரடிப் பயனாளிகள்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவன் நான். பன்னிரண்டு பெயர்களை எழுதினேன். பேனாவை மூடும்போது ஒரு எண்ணம் வந்தது. நரியைப் பரியாக்கியது இறைவன். நரியைப் பயனாளியாக்கியது நாங்கள். உண்மையாகச் சாப்பிட்டுப் பயன் அடைந்தவற்றின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவற்றுக்கும் காணி இலக்கம் கிடையாது.

கார்த்திகை பிறந்து களை பிடுங்கும் காலம் வந்தது. அமராவதி விடிய வயலுக்குப் போய்ப் பின்னேரம் வருவார். கஜேந்தினி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். செட்டிகுளத்தில் என் தங்கை வீட்டில் நல்ல ஊர்க்கோழிகள் நிற்கின்றன. ஓய்வு பெறும்போது நான் திருப்பிக் கொடுக்க மறந்த பழைய தபால் பை ஒன்று என்னிடம் இருக்கிறது. காற்றோட்டத்துக்கு அதில் நாலு ஓட்டை போட்டேன்.

புதன்கிழமைக்கு ஒன்று என்று தீர்மானித்தேன். இது எந்தக் கூட்டத்திலும் நிறைவேறாத தீர்மானம்.

முதலாவது பேட்டைக் கூட்டுக்குள் விட்ட அடுத்த நாள் அமராவதி மண்டபத்துக்கு வந்தார். “ஐயா, வழி தவறின கோழி ஒன்னு நம்ம கூட்டுல நிக்குது. யாருதுன்னு சங்கத்துல கேட்டுச் சொல்றீங்களா?”

ஒரு கிழமை கழித்துச் சொன்னேன்: “கேட்டனான். ஒருத்தரும் உரிமை கோரேல்லை.”

இரண்டாவதுக்கும் வந்து கேட்டார். மூன்றாவதுக்குப் பிறகு கேட்கவில்லை. அடைக்கு வைத்த முட்டைகள் பொரித்துவிட்டன என்று மட்டும் ஒருநாள் வழியில் சொன்னார்.

தை மாதத்து முதல் புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, ஒன்பதாவது கோழியைக் கொண்டுபோனேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அன்று வேலியில் ஓணானும் இருக்கவில்லை. கோழியைக் கூட்டுக்குள் விட்டேன். அது ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு மூலைக்குப் போய் இருந்தது. கதவைச் சாத்தி, கொழுக்கியை மாட்டினேன். லாயத்தில் நின்ற குதிரைகளுக்கு யார் பதில் சொன்னது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு கஜேந்தினி கேட்டால் தெரியாது என்றே சொல்லப் போகிறேன்.

வெறும் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தைக் கடந்து வந்தேன். இரண்டாம் கட்டத்துக்கும் உதவும் என்று பதாகையை இன்னும் கழற்றவில்லை. மார்கழி மழையில் பசை விட்டு, நான் எழுதி ஒட்டிய ‘நெறி’ சேற்றில் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தேன். ஒட்டுவதற்காக நிமிர்ந்து பார்த்தேன்.

பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வவுனியா அச்சகக்காரர் சரியாகத்தான் அடித்திருந்தார்.